ஸ்பிட்ஸ் நாய் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தொடங்கிய பிழைப்பு என்னை ஜெர்மனியின் தென்மேற்கு மூலைக்கு, பிர்மாசென்ஸ் ஊர்ப் பக்கம் கொண்டுவந்து விட்டது. இறக்குமதியாகி வரும் ஷூக்களைப் புரட்டிப் பார்த்துக் குறை சொல்வதுதான் வேலை. வீட்டில் ஒரு ஸ்பிட்ஸ் இருக்கிறது. பெயர் மல்லி, 6 வயது, ஆரஞ்சு நிறம். அவள் படத்தை எங்கே போட்டாலும் அதே கேள்விகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி விரல் தேய்ந்ததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

இது பொமரேனியன் தானே அண்ணா? எதுக்கு ஸ்பிட்ஸ்னு சொல்றீங்க?

பொமரேனியன் எல்லாம் ஸ்பிட்ஸ்தான், ஆனால் ஸ்பிட்ஸ் எல்லாம் பொமரேனியன் இல்லை. ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்பது ஒரே இனம், ஐந்து அளவு. சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. ஐந்தையும் 97 என்ற ஒரே எண்ணின் கீழ்தான் வைத்திருக்கிறது. தோள் உயரத்தில் சொன்னால், வொல்ஃப்ஸ்பிட்ஸ் 50 சென்டிமீட்டரை ஒட்டி, குரோஸ்ஸ்பிட்ஸ் 40 முதல் 50 வரை, மிட்டல்ஸ்பிட்ஸ் 30 முதல் 40 வரை, க்ளைன்ஸ்பிட்ஸ் 24 முதல் 30 வரை. அதற்கும் கீழே இருப்பது ட்ஸ்வெர்க்ஸ்பிட்ஸ், அதாவது குள்ள ஸ்பிட்ஸ். உலகம் பொமரேனியன் என்று கூப்பிடுவது அதைத்தான்.

எங்கள் தொழிலில் ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் லாஸ்ட் என்ற கால் அச்சு ஒன்றையே கூட்டிக் குறைத்து 36 முதல் 42 வரை சைஸ் எடுப்போம், அப்படித்தான். நரி முகம், நிமிர்ந்த சின்னக் காது, கழுத்தைச் சுற்றிப் பிடரி, முதுகின் மேல் சுருண்டு கிடக்கும் வால், எல்லாம் ஒன்றே. சைஸ் மட்டும் மாறும். மல்லி நடு சைஸ், மிட்டல்ஸ்பிட்ஸ்.

ஸ்பிட்ஸ்னு ஜெர்மன்ல தேடினா லேஸ் துணியா வருதே, ஏன்?

ஜெர்மனில் 'ஷ்பிட்ஸ்' என்றால் கூர்மையானது. நாயின் மூஞ்சியும் காதும் கூராக இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். கடைசியில் ஒரு எழுத்துச் சேர்ந்து 'ஷ்பிட்ஸெ' ஆனால் முனை என்று அர்த்தம், லேஸுக்கும் அதே சொல்தான். சாக்சனி மாநிலத்தில் ப்ளாவன் என்ற ஊர் லேஸுக்குப் பேர்போனது. இயந்திரத்தில் பூவேலை செய்த அந்த ஊர் லேஸ் 1900ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியது. எனவே துணிக்கடை விளம்பரம் வந்தால் திகைக்க வேண்டாம்.

என் வேலையில் இது மூன்றாவது அர்த்தத்திலும் வரும். ஷூவின் முன்முனையும் 'ஷ்பிட்ஸெ'தான். அலுவலகத்தில் யாராவது "ஷ்பிட்ஸெ கிழிந்திருக்கிறது" என்றால் எனக்கு ஒரு நொடி மல்லி ஞாபகம் வந்துவிட்டுத்தான் ஷூ ஞாபகம் வரும்.

அப்போ பொமரேனியன்ங்கிற பேர் எங்கேர்ந்து வந்தது?

பால்டிக் கடலோரத்தில் பொமரேனியா என்று ஒரு நிலப்பகுதி. இன்று பெரும்பகுதி போலந்திலும் மீதி ஜெர்மனியிலும் இருக்கிறது. அதை ஒட்டிய மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் அரச குடும்பத்துப் பெண் சார்லட் 1761ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் கட்டிக்கொண்டு லண்டன் போனார். அவர் வைத்திருந்த ஸ்பிட்ஸ்களால் அந்தப் பெயர் இங்கிலாந்தில் பரவியது. அந்த நாய்கள் மடியில் வைத்துக் கொஞ்சும் சைஸ் இல்லை, நல்ல பெரியவை.

சின்னதாக்கியது விக்டோரியா ராணி காலத்து மோகம். அவர் 1888ல் இத்தாலியின் பிளாரன்ஸ் போனபோது சிறிய ஸ்பிட்ஸ்களைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கி வந்தார், கண்காட்சிகளுக்கும் அனுப்பினார். ராணி எந்த சைஸை வைத்திருக்கிறாரோ அதுதானே ஃபேஷன்? அதன் பிறகு இங்கிலாந்தில் யார் வளர்த்தாலும் சிறியதாக, இன்னும் சிறியதாக என்றே போனார்கள். 1901ல் ராணி இறக்கும் தறுவாயில் டூரி என்ற பொமரேனியன்தான் படுக்கையில் கூட இருந்தது என்பார்கள்.

எங்க வீட்ல சின்ன வயசுல ஒரு வெள்ளைப் பொமரேனியன் இருந்துது. அது இதுதானா?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத தமிழர் இல்லை. ஜிம்மி, டாமி, பப்பி, இந்த மூன்றில் ஒன்றுதான் அதன் பெயராக இருந்திருக்கும், சரியா?

அநேகமாக அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ்களின் வழித்தோன்றல். நம் வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியதில் ரோமம் கொஞ்சம் மெலிந்து, கால் நீண்டு, மூஞ்சியும் நீண்டுவிட்டது. எஃப்.சி.ஐ. இதைத் தனி இனமாக ஏற்கவில்லை. இந்தியக் கென்னல் கிளப் ஏற்றிருக்கிறது. வெளிநாட்டு நாய் எளிதில் கிடைக்காத எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஊர் நடுத்தர வீடுகளில் 'ஃபாரின் நாய்' என்றாலே இதுதான். தயிர்சாதம் சாப்பிட்டு, மொட்டை மாடியில் தூங்கி, தபால்காரரைத் துரத்திய நாய். அதைப் போலி பொமரேனியன் என்று ஏளனமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஜெர்மன் கிராமத்தில் அதன் பாட்டன் பார்த்த வேலையைத்தான் அது திருப்பத்தூரிலும் பார்த்தது.

வொல்ஃப்ஸ்பிட்ஸ் ஓநாய் கலப்பா?

இல்லை. ஓநாய் போலச் சாம்பல் நிறம், அதனால் அந்தப் பெயர். கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி மாட்டியது போலக் கோடு இருக்கும். நெதர்லாந்தில் இதற்குப் பெயர் கேஸ்ஹோண்ட். அங்கே படகுகளில் காவல் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட குடும்பத்தை எதிர்த்த தேசபக்தர் கட்சிக்கு அடையாளமாகவும் ஆனது. எதிரணி ஜெயித்ததும் நாயை வைத்திருப்பதே வம்பாகிப் பலர் கைவிட்டார்கள் என்பது கதை.

சமோயெட், ஹஸ்கி, ஜப்பானிய ஸ்பிட்ஸ் எல்லாம் இதோட சொந்தமா?

'ஸ்பிட்ஸ்' என்பது இனத்தின் பெயராகவும் இருக்கிறது, ஒரு பெரிய சாதியின் பெயராகவும் இருக்கிறது. குழப்பம் அங்கேதான். நிமிர்ந்த காது, சுருண்ட வால் உள்ள வடதேசத்து நாய்களைப் பொதுவாக ஸ்பிட்ஸ் வகை என்பார்கள். ஹஸ்கி, சமோயெட், அகிடா, சௌசௌ எல்லாம் அதில் அடக்கம். அவை ஜெர்மன் ஸ்பிட்ஸ் இல்லை.

ஜப்பானிய ஸ்பிட்ஸ் நெருங்கிய சொந்தம்தான். வெளியிலிருந்து வந்த வெள்ளை ஜெர்மன் ஸ்பிட்ஸ்களை வைத்து 1920களிலும் 30களிலும் ஜப்பானில் உருவாக்கினார்கள். அமெரிக்க எஸ்கிமோ நாயும் அப்படியே. எஸ்கிமோக்களுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் 'ஜெர்மன்' என்ற பெயரே கசந்ததால் மாற்றி வைத்த பெயர் அது.

ஏன் இப்படி ஓயாம குரைக்குது? பயித்தியம் பிடிச்ச மாதிரி!

குரைப்பதற்கென்றே வைத்திருந்த நாய் குரைக்கிறது. ஜெர்மன் கிராமங்களில் ஸ்பிட்ஸ் ஏழை விவசாயியின் காவல்காரன். வேட்டை பிரபுக்களின் உரிமை. குடியானவன் வீட்டு நாய் காட்டுக்குள் போய் முயல் பிடித்தால் அவனுக்குத்தான் சிக்கல். ஸ்பிட்ஸுக்கு வேட்டை வெறி குறைவு, வீட்டெல்லையை விட்டு அலையாது, அந்நியரை நம்பாது. இந்த மூன்றும் ஒரே நாயில் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பக்கம் திராட்சைத் தோட்டக் காவலுக்குக் கறுப்பு ஸ்பிட்ஸ் வைத்திருந்தார்கள். சரக்கு வண்டிக்காரர்கள் பாரத்தின் மேல் ஒரு ஸ்பிட்ஸை உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வண்டிக்காரன் சத்திரத்துக்குள் போனாலும் நாய் மூட்டை மேலேயே இருக்கும். வேறு எவன் கையும் மூட்டையில் படாது.

என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 80 வயதுக்கு மேல். மல்லியை முதலில் பார்த்ததும் "அட, மிஸ்ட்பெல்லர்!" என்றார். 'மிஸ்ட்' என்றால் எரு, 'பெல்லர்' என்றால் குரைப்பவன். பண்ணை முற்றத்தில் உயரமான இடம் எருக்குப்பைதான், ஸ்பிட்ஸ் அதன் உச்சியில் ஏறி நின்று நாலு திசையும் பார்த்துக் குரைக்கும். மல்லிக்கு எருக்குப்பை இல்லை, சோஃபாவின் கைப்பிடி இருக்கிறது. பார்சல் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ஏறிவிடுவாள்.

குரைக்காதே என்று திட்டினால் நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். நான் செய்வது இதுதான். எழுந்து ஜன்னலுக்குப் போய், அவள் காட்டுவதைப் பார்த்து, "சரி, பார்த்துட்டேன், போதும்" என்று சொல்லிக் கூப்பிடுவேன். வந்தால் ஒரு துண்டு தின்பண்டம். தகவல் முதலாளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் காவல்காரனுக்குப் பாதி வேலை முடிந்தது. முழுதாக நிற்குமா? நிற்காது. அமைதிதான் முக்கியம் என்றால் வேறு நாயைப் பாருங்கள்.

ஜெர்மனில வாடகை வீட்ல நாய் வச்சுக்க விடுவாங்களா?

வாடகை ஒப்பந்தத்தில் "நாய், பூனை எதுவுமே கூடாது" என்று பொத்தாம் பொதுவாக அச்சடித்திருந்தால் அந்த வரி செல்லாது. அந்நாட்டின் உச்ச சிவில் நீதிமன்றம் 2013 மார்ச்சில் அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதற்காக இஷ்டப்படி வளர்க்கலாம் என்றும் அர்த்தமில்லை. ஒவ்வொரு வீட்டின் நிலவரத்தையும் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் தீர்ப்பு. மேலே குரைப்பு பற்றிச் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். முதலிலேயே ஓனரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

முடி ரொம்பக் கொட்டுமா?

கொட்டும். வருஷம் முழுவதும் கொஞ்சம், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மூட்டை மூட்டையாக. ஸ்பிட்ஸுக்கு இரண்டு அடுக்கு ரோமம். மேலே நீளமான, விறைப்பான முடி. அடியில் பஞ்சு போன்ற குட்டை முடி. கொட்டுவது பெரும்பாலும் அந்தப் பஞ்சுதான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்லியைப் பால்கனியில் உட்கார வைத்துச் சீவ ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் ஆகும். பிடரியைக் கையால் பிரித்து, தோல் தெரியும்வரை விலக்கி, வரி வரியாகக் கீழிருந்து மேலே வர வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் நாய் பளபளவென்று இருக்கும், காதுக்குப் பின்னாலும் தொடை இடுக்கிலும் சிக்கு கட்டியிருப்பது தெரியாது. முடிந்ததும் பக்கத்தில் குவிந்திருப்பதைப் பார்த்தால் இன்னொரு நாய் படுத்திருப்பது போல இருக்கும். மல்லியே ஒருமுறை அதை மோந்து பார்த்துவிட்டு உறுமினாள். மற்றபடி வாரத்துக்கு இரண்டு முறை சீவினால் போதும். அடிக்கடி குளிப்பாட்டத் தேவையில்லை, சேறு காய்ந்தால் தானே உதிரும்.

குட்டி 4, 5 மாதத்தில் திடீரென்று குரங்குக் குட்டி மாதிரி ஆகிவிடும். குட்டி ரோமம் போய்ப் பெரிய ரோமம் வரும் கட்டம் அது. "ஏமாத்திட்டாங்க சார்" என்று எனக்குப் படம் அனுப்பாதீர்கள், பொறுங்கள்.

வெயிலுக்கு மொட்டை அடிச்சிடலாமா? பாவமா இருக்கு.

வேண்டாம். சென்னையிலிருந்து வருஷா வருஷம் ஏப்ரலில் வரும் கேள்வி இது. மேல் முடி வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட வெட்டினால் அந்தக் காப்பும் போகிறது. அதைவிட மோசம், வெட்டிய இடத்தில் முடி திரும்ப வராமலே போகலாம், அல்லது பஞ்சு மட்டும் திட்டுத் திட்டாக வரலாம். சிறிய ஸ்பிட்ஸ்களில் இது அதிகம். பாதம், பின்புறம், காதோரம் என்று ஓரம் கத்தரித்துக்கொள்வதில் தப்பில்லை. அறுவை சிகிச்சைக்கோ தோல் நோய்க்கோ மருத்துவர் மழித்தால் அது வேறு விஷயம்.

வெயிலுக்குச் செய்ய வேண்டியது, அடிப் பஞ்சை நன்றாகச் சீவி எடுப்பது, நடையை விடியற்காலைக்கும் இரவுக்கும் மாற்றுவது, தரையில் ஈரத்துணி, மின்விசிறி. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

சீவி விட்டும் உடலில் முடி உதிர்ந்து தோல் கறுத்துக்கொண்டே வருகிறது என்றால் அது வெயில் சமாசாரம் இல்லை. பொமரேனியன்களில் அலோபீசியா எக்ஸ் என்று ஒரு கோளாறு உண்டு. தைராய்டு போன்ற வேறு காரணங்களைப் பரிசோதித்து நீக்கிய பிறகுதான் அதை உறுதி செய்வார்கள்.

நீங்க ஷூ கம்பெனிக்காரர் ஆச்சே. ஷூவைக் கடிச்சு நாசம் பண்ணலையா? பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்கலாமா?

பண்ணினாள். பால்பல் விழும் வயதில், அதாவது 4 முதல் 6 மாதம் வரை, எதையும் விடமாட்டார்கள். எங்கள் தொழிலில் சாம்பிள் என்பது பெரும்பாலும் ஒற்றை ஷூவாகத்தான் வரும், பெண்கள் ஷூ என்றால் 37 சைஸ். அப்படி ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வந்து மேஜையடியில் வைத்தேன். மறுநாள் காலை குதிகால் பக்கம் திறந்து கிடந்தது. லைனிங் தனியாக, உள்ளே விறைப்புக்கு வைக்கும் கவுண்டர் தனியாக, அட்டை தனியாக. எந்த லேப்பிலும் அவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டியதில்லை. ஒற்றை ஷூ என்பதால் இழப்புக்கு ஜோடிக் கணக்கு எழுதவும் வழியில்லை.

பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள். முதல் காரணம், பழைய ஷூவுக்கும் நேற்று வாங்கிய ஷூவுக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரியாது. இரண்டாவது காரணம் தொழில்காரனாகச் சொல்வது. ஷூத் தோலில் பெரும்பகுதி குரோம் போட்டுப் பதப்படுத்தியது. அதற்கு மேல் சாயம், பசை, பூச்சு. சரியாகப் பதப்படுத்தாத தோலில் குரோமியம் ஆறு என்ற கெட்ட வடிவம் உருவாகலாம். உடம்பில் படும் தோல் சரக்கில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராம் எட்டினாலே 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. அதைச் சோதித்துத் திருப்பி அனுப்புவதில்தான் எங்கள் சம்பளம் ஓடுகிறது. பூஞ்சை வராமல் போட்டுக்கொண்டிருந்த பி.சி.பி. மருந்தை ஜெர்மனி 1989ல் தடை செய்தபோது ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகள் பட்ட பாட்டை அங்கே வளர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காலில் போடுவதற்கே இத்தனை கணக்கு. மென்று விழுங்குவதற்கு எந்தக் கணக்கும் போடவில்லை. கடிக்க ரப்பர் பொம்மை வாங்கிக் கொடுங்கள், ஷூவை அலமாரியில் வையுங்கள்.

கொட்டுற முடியில நூல் நூற்கலாம்னு சொல்றாங்களே, உண்மையா? ஐரோப்பாவுல நாய் ரோமம் தடை இல்லையா?

இரண்டும் உண்மை, ஆனால் வேறு வேறு பொருள். ஐரோப்பிய ஒன்றியம் 2008 டிசம்பர் 31 முதல் நாய், பூனை ஆகியவற்றின் ரோமத்தோலை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடை செய்திருக்கிறது. மலிவான கோட்டுக் காலரிலும் பூட்ஸ் விளிம்பிலும் வேறு பெயரில் அது நுழைந்துகொண்டிருந்தது என்பதுதான் காரணம். ரோமத்தோல் வேண்டுமென்றால் விலங்கைக் கொல்ல வேண்டும்.

சீவி எடுத்த முடிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஸ்பிட்ஸின் அடிப் பஞ்சு நல்ல கதகதப்பு. அதை நூலாக்கினால் 'சீயெங்கோரா' என்பார்கள், நாய்க்கான பிரெஞ்சுச் சொல்லையும் அங்கோராவையும் ஒட்டவைத்த பெயர். ஜெர்மனியில் வீடுகளிலிருந்து சீவிய முடியை வாங்கி நூலாக்கி விற்பவர்களே இருக்கிறார்கள். கத்தரித்த முடி ஆகாது, சீவியதுதான் வேண்டும். நான் ஒரு தலையணை உறை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டி குல்லாய் பின்னித் தருவதாகச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது.

என்ன சாப்பாடு? தயிர்சாதம் போடலாமா?

எப்போதாவது ஒரு கரண்டி கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதுவே சாப்பாடாக இருந்தால் புரதம் போதாது, ரோமத்திலேயே தெரிந்துவிடும். உண்மையான ஆபத்து சாம்பார் சாதம், அதில் வெங்காயம் இருக்கிறது. கேசரி, பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சையும் விஷம். சாக்லேட் சொல்லவே வேண்டாம். ஸ்பிட்ஸ் சீக்கிரம் குண்டாகும், அவ்வளவு முடிக்குள் அது வெளியே தெரியாது. விலா எலும்பைக் கையால் தடவிப் பாருங்கள்.

கழுத்துப் பட்டை போட்டா வாத்து மாதிரி இருமுது. ஏன்?

உடனே கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு உடம்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள், அப்புறம் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன சைஸ்களில் மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு தளர்ந்து சப்பிக்கொள்வது உண்டு. அந்த வாத்துச் சத்தம் அதன் அடையாளம். குண்டான நாய்க்கு இன்னும் மோசமாகும். பின்னங்காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடி, பிறகு சாதாரணமாகிவிட்டால் முழங்கால் சில்லு நழுவுகிறது என்று அர்த்தம். அதையும் காட்டுங்கள்.

டீகப் பொமரேனியன் வாங்கலாம்னு இருக்கோம். எது நல்லது?

டீகப் என்று ஒரு வகையே கிடையாது. அது விற்பவன் வைத்த பெயர். ஐந்து அளவுகளை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன், அதற்கும் கீழே தனி அளவு கிடையாது. கோப்பைக்குள் அடங்கும் நாய் என்றால் மண்டையோடு மூடாமல் உச்சியில் குழி இருப்பது, பால்பல் விழாமல் வாய் நெரிவது, ஒரு வேளை சாப்பாடு தவறினால் சர்க்கரை இறங்கி மயங்குவது எல்லாம் கூடவே வரும். ஜெர்மன் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11பி பிரிவு, துன்பம் தரும் குறையோடு பிறக்கும் என்று தெரிந்தே இனப்பெருக்கம் செய்வதைத் தடை செய்கிறது. அப்படிப்பட்ட நாய்களைக் கண்காட்சியில் நிறுத்துவதும் 2022 முதல் கூடாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நெடுஞ்சாலை ஓர வாகன நிறுத்தத்தில், கார் டிக்கியிலிருந்து ஒரு குட்டி வாங்கியது. 10 வாரம் என்றார்கள். மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு 6 வாரம்கூட ஆகியிருக்காது என்றார். 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிப்பதே இங்கே சட்டப்படி தப்பு. அந்தக் குட்டி ஒன்பது நாள்தான் இருந்தது. தாயை அதன் சொந்த வீட்டில் காட்டாத ஆளிடம் வாங்காதீர்கள்.

மெர்ல் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கே, அபூர்வமாம், விலையும் ஜாஸ்தி. எடுக்கலாமா?

அபூர்வமாக இருப்பதற்குக் காரணம், அது ஸ்பிட்ஸின் நிறமே இல்லை. எஃப்.சி.ஐ.யின் இனத் தரக்குறிப்பு அதை ஏற்பதில்லை. வேறு இனம் எங்கோ கலந்து வந்திருக்கிறது. இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் குட்டிகளில் சில செவிடாகவோ குருடாகவோ பிறக்கும். கூடுதல் விலை கொடுத்து அந்த வியாபாரத்துக்குத் துணை போகாதீர்கள்.

பெரிய சைஸ் ஸ்பிட்ஸை ஜெர்மனியிலேயே பார்த்ததில்லையே, எங்க போச்சு?

அழிந்துகொண்டிருக்கிறது. பொம்மை சைஸுக்கு உலகமே அடித்துக்கொள்கிறது, ஆனால் வண்டியையும் தோட்டத்தையும் காத்த குரோஸ்ஸ்பிட்ஸை ஜெர்மன் கிராமத்திலேயே தேட வேண்டியிருக்கிறது. அருகிவரும் வளர்ப்பு விலங்குகளைக் காக்கும் ஜெர்மன் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது மிக மோசமான பிரிவில் இருக்கிறது. மல்லியின் மிட்டல்ஸ்பிட்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. 2003ல் ஸ்பிட்ஸை அந்த ஆண்டின் அருகிவரும் விலங்காகவே அறிவித்தார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் பட்டம் அது.

என்ன ஆயிற்று என்றால், சரக்கு வண்டி போய் லாரி வந்தது, முற்றத்து எருக்குப்பை போனது. 1899ல் ஜெர்மன் ஸ்பிட்ஸ் சங்கம் தொடங்கியது, அதே 1899ல்தான் ஜெர்மன் ஷெப்பர்ட் சங்கமும் தொடங்கியது. எது ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும். ஷெப்பர்ட் போலீஸ் நாய், ராணுவ நாய் என்று மரியாதை பெற்றது. ஸ்பிட்ஸ் பாட்டி வீட்டுக் கத்தல் நாய் ஆனது. இந்த பிர்மாசென்ஸிலும் அப்படி ஒன்று நடந்தது. 1790ல் இங்கே ஆண்ட சிற்றரசன் இறந்ததும் வேலையிழந்த சிப்பாய்கள் வீட்டுச் செருப்பு தைத்து விற்கத் தொடங்கினார்கள், அதிலிருந்து ஜெர்மனியின் ஷூ நகரமே முளைத்தது. இன்று ஆலைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கின்றன. தைக்கும் வேலை எங்கள் ஆம்பூர் மாதிரி ஊர்களுக்குப் போய்விட்டது.

இது கற்காலத்து நாய், ஐரோப்பாவிலேயே பழைய இனம்னு போட்டிருக்காங்க. நிஜமா?

இனத் தரக்குறிப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் ஏரிக்கரைக் கற்காலக் குடியிருப்புகளில் கிடைத்த சிறிய நாய் எலும்புகளை ரூட்டிமாயர் என்ற ஆய்வாளர் விவரித்தார். அந்த நாயின் வாரிசுதான் ஸ்பிட்ஸ் என்று பிறகு எல்லோரும் எழுதிவிட்டார்கள். மண்டையோடு ஒத்திருப்பது வம்சாவளிக்குச் சாட்சி ஆகாது. பழைய ஜாடை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். பழைய இனம் என்றால் பெருமைப் பேச்சு.

ஊர்ல இருக்கிற எங்க ஸ்பிட்ஸை ஜெர்மனிக்குக் கொண்டு வர முடியுமா?

முடியும், ஆனால் கடைசி நேரத்தில் முடியாது. முதலில் மைக்ரோசிப், பிறகுதான் வெறிநாய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி 0.5 அலகுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருந்த பிறகே நுழைய முடியும். ரத்தப் பரிசோதனை இல்லாமலே நுழையலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் நாடுகள் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால் இந்தக் காத்திருப்பு. மொத்தத்தில் நாலு மாதத்துக்கு மேல் ஆகும். 12 வாரம் ஆகாத குட்டிக்குத் தடுப்பூசியே கணக்கில் வராது. விசா வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள்தான் நாயை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

நாய்க்கு வரி கட்டணுமாமே, கிண்டல்தானே?

கிண்டல் இல்லை. ஒவ்வொரு ஊராட்சியும் தன் இஷ்டத்துக்கு வசூலிக்கும். பெர்லினில் முதல் நாய்க்கு வருஷம் 120 யூரோ, மியூனிக்கில் 100. இரண்டாவது நாய்க்குப் பல ஊர்களில் அதிகம். பெர்லின், ஹம்பர்க், லோயர் சாக்சனி ஆகிய இடங்களில் நாயால் பிறருக்கு வரும் சேதத்துக்குக் காப்பீடும் கட்டாயம்.

மல்லிகிட்ட ஒரு குட்டி கிடைக்குமா அண்ணா?

கிடைக்காது. அவளுக்குக் கருத்தடை அறுவை செய்தாகிவிட்டது. முழங்கால் சில்லு கொஞ்சம் நழுவும் நாயை வைத்து இனம் பெருக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். சங்கத்தில் பதிவான மிட்டல்ஸ்பிட்ஸ் வளர்ப்பாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். நான் ஒன்றரை வருஷம் காத்திருந்தேன். இரண்டு முறை நேரில் போய்ப் பேசிய பிறகு, "வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்.